திரும்பக் கட்டிய நகரம் பொய்யா?

வார்சாவுக்கு இரண்டு நாள் போகிறவர்கள், பழைய நகரின் தெருக்களில் இறங்குமுன் அரண்மனையில் ஓவியர் பெல்லோட்டோ தீட்டிய வார்சா நகரக் காட்சிகளைப் பார்ப்பது நல்லது. 1944 எழுச்சியை ஒடுக்கிய ஜெர்மானியப் படை தரைமட்டமாக்கிய நகரை மீட்டுக் கட்டியவர்களுக்கு, போருக்கு முந்தைய வரைபடங்களோடு இந்த 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் வழிகாட்டின. அப்படியானால் அங்கே நிற்பது அசலா, நகலா? கல்தான் நகரம் என்றால், சந்தேகமில்லாமல் நகல். ஆனால் ஒரு கல்லும் மாற்றப்படாத புராதன நகரம் எங்கே இருக்கிறது? ஓவியர் கற்பனையையும் கலந்தாரே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அவர் செய்த அழகூட்டல் சில சுவர்களிலும் ஏறிவிட்டது. இருந்தாலும், பொய் என்று சொல்ல மறைப்பு வேண்டும். இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்ததே மீட்டுக் கட்டியதற்காகத்தான். முகப்பு பழசு, உள்ளே புதுக் குடியிருப்பு, ஆகவே வெறும் நாடகத் திரை என்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் மக்கள் குடியேறிச் சமைத்து வாழ்ந்தார்களே!