வீட்டில் வளரும் தங்கை



போன வருஷம் நீங்கள் நட்ட மரக்கன்று இப்போது எப்படி இருக்கிறது?

எனக்கே பதில் சொல்ல வெட்கம். ஒரு விழாவில் நட்டோம், படம் எடுத்தோம், வாட்ஸ்அப்பில் போட்டோம். மூணு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால் காய்ந்த குச்சிதான் நின்றது. அதற்குத் தண்ணீர் ஊற்ற எங்களில் ஒருவரும் போகவில்லை.

நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. சிறுமிகள் விளையாட்டாகப் புன்னை விதையை மணலில் அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். 'இது உன் தங்கையம்மா, உன்னைவிடச் சிறந்தவள்' என்கிறாள் தாய். வளர்ந்த பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசவே பெண்ணுக்குக் கூச்சம். தங்கை பார்க்கிறாளே!

அதே புன்னைதான் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சம். அம்பாள் மயிலாக வந்து அதன் கீழே சிவனைப் பூஜித்தாள் என்பது தல வரலாறு. இங்கே மலாய்க்காரர்கள் அதைப் பெனாகா லாவுட் என்கிறார்கள். ஆமாம், மலேசியக் கடலோரத்துக்கும் அது சொந்த மரம். நம்ம தாத்தா பாட்டி கப்பலேறி வருவதற்கு முன்பே இங்கே இருந்தது.

அவர்கள் பிழைத்தது எதை வைத்து? காட்டை வெட்டிப் போட்ட தோட்டங்களில், பிரேசில் நாட்டுப் பால்மரத்தைச் சீவி. இந்த மண்ணுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்தக் கடனை அடைக்க வழி பக்கத்திலேயே இருக்கிறது. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா அருகே ராஜா மூசா காப்புக்காட்டில், தீயில் அழிந்த சதுப்புக்காட்டை மீட்கும் வேலை 2008இல் தொடங்கியது. சுற்றுவட்டார மக்கள் மஹாங் கன்றுகளை வளர்த்துத் தருகிறார்கள். சதுப்புக்கு மஹாங், கடலோரத்துக்குப் புன்னை. அந்தந்த மண்ணின் மரம்தான் அங்குள்ள பறவைக்கும் பூச்சிக்கும் சோறு போடும்.

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடா? கிள்ளானில் தரை வீடா? எங்கேயும் ஒரு பை மண் போதும். புன்னை விதையை ஓட்டோடு புதைத்தால் முளைக்க இரண்டு மாசம்கூட ஆகலாம். ஓட்டை மெதுவாக உடைத்துவிட்டால் சீக்கிரம் வரும். அடியில் வைக்கும் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீங்க, ஏடிஸ் கொசு குடிவந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் தம்பிகள் ஒரு நாள், அப்பா ஒரு நாள், பாட்டி ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். இடுப்பளவு வளர்ந்ததும் ஊராட்சி மன்றத்தையோ வனத்துறையையோ கேட்டு, அதற்கேற்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

கொடுக்கும்போது மனசு வலிக்கும். அதன் நிழலில் நீங்கள் உட்காரப்போவதில்லை; முகம் தெரியாத ஒரு மீனவர் உட்காருவார். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னதை, பத்து வயசுப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாகப் புரிய வைக்க முடியுமா?

நாளைக் காலையில் சாமிக்கு விளக்கேற்றிய கையோடு ஒரு குவளை தண்ணீர் எடுங்கள். தங்கை காத்திருக்கிறாள்.