கையெழுத்துப் போட்டவர் யார்?

ஒரு கையின் இரண்டு விரல் போனால், சட்டக் கணக்கில் உழைப்புத் திறனில் 20 சதவீதம் போனது. திருப்பூரில் மாதம் 10,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 16 வயதுப் பையனுக்குக் துணியை அழுத்தும் காலண்டர் உருளையில் அப்படி நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம் 6,000. அதை அவன் வயதுக்குரிய 228.54-ஆல் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 2,74,248 ரூபாய். முதலாளி மேல் தப்பு உண்டா என்று இழப்பீட்டுச் சட்டம் கேட்பதில்லை. உருளைக்குத் தடுப்பு இருந்ததா, பழக்கமில்லாத பையனை அங்கே நிறுத்தியது யார் என்பதும் அதற்குத் தேவையில்லை. தப்பை நிரூபிக்காமலே காசு கிடைப்பது அதனால்தான்.

அந்தக் கேள்விகளைக் கேட்க சிவில் கோர்ட் இருக்கிறது. ஆனால் இழப்பீடு கேட்டு மனுப் போட்டவர் அதே காயத்துக்கு நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்கிறது இழப்பீட்டுச் சட்டம். முதலாளியோடு அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொண்டாலும் அப்படித்தான். இ.எஸ்.ஐ. இருந்தால் கதவு இன்னும் இறுக்கம். பலன் வாங்கிய தொழிலாளி நிறுவனத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடர முடியாது என்று வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது.

வயது வந்தவருக்கு இதில் ஒரு நியாயம் உண்டு. முதலாளி வாதாடும் உரிமையை விடுகிறார், தொழிலாளி குற்றம் சாட்டும் உரிமையை விடுகிறார். பேரம்தான், ஆனால் இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்கள். 16 வயதுப் பையன் இதில் எந்தப் பக்கம்? மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. தன் பெயரில் உள்ள ஒரு சென்ட் நிலத்தைக்கூட விற்க முடியாதவன், நியாயம் கேட்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்தான் என்று எப்படிச் சொல்வது?

அப்பா கையெழுத்துப் போட்டாரே என்பார்கள். லைன் வீட்டு வாடகை பாக்கி, ஆஸ்பத்திரி பில், ஊரில் கடன். இத்தனையும் தலைக்கு மேல் நிற்கப் போடுகிற கையெழுத்து அது. பிறகு வாய் திறந்தால், “காசு வாங்கிட்டீங்கள்ல, அப்புறம் என்னங்க கேஸு?” என்பார் மேனேஜர். சட்டம் அவ்வளவு அப்பாவி அல்ல. மைனருக்கான மொத்தத் தொகையை உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும், நேரில் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது என்கிறது இழப்பீட்டுச் சட்டம். மைனரின் வழக்கில் கோர்ட் அனுமதி இல்லாமல் காப்பாளர் சமரசம் செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம்.

மனுநீதிச் சோழன் கதையில் எல்லோருக்கும் தேர்ச்சக்கரம் ஞாபகம் இருக்கிறது, அமைச்சர்கள் சொன்ன யோசனை ஞாபகம் இல்லை. கன்று செத்ததற்குச் சாத்திரத்தில் கழுவாய் உண்டு, செய்துவிட்டால் முடிந்தது என்றார்கள். தாய்ப்பசுவின் துயருக்கு அது பதிலாகுமா என்று அரசன் மறுத்தான். மகனைப் பலிகொடுத்த அவன் தீர்ப்பை இன்று யாரும் ஏற்க மாட்டோம். ஆனால் அவன் பிரித்துப் பார்த்தது சரி. கழுவாய், செய்தவனின் கணக்கை முடிக்கிறது. பசு கேட்டது அந்தக் கணக்கை அல்ல.

சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமும் இதைப் போலவே பிரித்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்ததற்காகவே தலைக்கு 20,000 ரூபாயை நல நிதியில் கட்டச் சொன்னது. காயம் பட்டதா என்பது அங்கே பேச்சே இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டவிரோதமாக வேலைக்கு வைக்கப்பட்ட சிறுவன் காயம்பட்டால், 6 மாதத்துக்குள் இழப்பீட்டை மறுத்துவிட்டு வழக்குப் போடலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்க அங்குள்ள இழப்பீட்டு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், பசிக்குக் காசு இன்றைக்கே வேண்டும் என்பது உண்மைதான். அதற்காகக் கதவை அடைக்க வேண்டியதில்லை. வாங்கிய தொகையை நஷ்டஈட்டில் கழித்துக்கொண்டால் முதலாளிக்கு இரட்டைச் சுமை ஏது? வயது வந்தவர் தேர்ந்தெடுத்தால் அது தேர்வு. மைனருக்காக இன்னொருவர் தேர்ந்தெடுத்ததை, நீதிமன்றம் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை தேர்வாகவே எண்ணக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டிக் கேளுங்கள். குழந்தைகளுக்கு அங்கே வக்கீல் இலவசம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.