கங்கைச் சொம்பும் பவர் பத்திரமும்

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. கொஞ்ச நாளாக மறதி. போன வாரம் பால்காரருக்கு இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டார். பேங்க் கணக்கு, உயில், நாளைக்குப் படுத்துவிட்டால் எந்த அளவு சிகிச்சை என்பதையெல்லாம் இப்போதே கேட்டு வைக்கலாம் என்றால், "நல்லா இருக்கிற மனுஷன்கிட்ட பேசற பேச்சா இது, அபசகுனம்" என்று அம்மா தடுக்கிறார். இது தோஷமா ஐயா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், வாய் மூடிப் பற்றவைத்த சின்னச் செம்புச் சொம்பு இருக்கிறதா பாருங்கள். காசிக்குப் போன யாரோ கொண்டுவந்து கொடுத்த கங்கைத் தீர்த்தம். எதற்காக அதை வைத்திருக்கிறோம்? கடைசி நேரத்தில் வாயில் விடத்தான். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு வைக்கும் அம்மா, ஒரு நாளாவது அதை அபசகுனம் என்று சொல்லியிருப்பாரா? என் பாட்டி இன்னும் ஒரு படி மேலே. தன்மேல் எந்தப் புடவையைப் போர்த்த வேண்டும், அன்றைக்கு யார் வீட்டிலிருந்து காபி வரவேண்டும் என்பதுவரை சொல்லிவைத்துவிட்டுத்தான் போனார். அவர் சொன்ன அன்று சிரித்தோம். பிறகு, அந்த நாளில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நாளில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. தசரதருக்கு நான்கு பிள்ளைகள். உயிர் பிரிந்த இரவில் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. இரண்டு பேர் காட்டில், இரண்டு பேர் கேகயத்தில். பரதன் வந்துசேரும்வரை உடலை எண்ணெய்த் தொட்டியில் வைத்திருந்தார்கள் என்கிறது வால்மீகி ராமாயணம். இன்றைக்கு ஃப்ரீசர் பாக்ஸ். கேகயம் நியூஜெர்சிக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நடைமுறைக்கு வருகிறேன். "அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், போதும்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நம் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவரும் அதோடு போயிற்று. எந்த நாளுக்காக வாங்கினோமோ அந்த நாளில் அது உதவாது. ஆகவே அப்பா தெளிவாக இருக்கும்போதே அவருடைய கணக்கில் அம்மாவையோ உங்களையோ சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட முடியாமல் கிடப்பவருக்கும் ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. கைரேகையோ கால்விரல் ரேகையோ போதும். சாட்சிகள் இருவர், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. இது சில கிளைகளில் இருப்பவர்களுக்கே தெரியாது, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம். தெளிந்த மனமும் இரண்டு சாட்சிகளும் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

சிகிச்சை விஷயம்தான் கனமானது. மீள வழியில்லாத நிலையில் வெண்டிலேட்டர் வேண்டாம் என்பவர் அதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. முதலில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து தேவைப்பட்டது. 2023-ல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றார்கள். தன் சார்பில் முடிவு சொல்ல யார் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். வாயில் கங்கை விழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அந்த வாயில் குழாய் இருக்க வேண்டுமா என்பதையும் சொல்லட்டுமே.

ஒன்று: வீட்டை யார் பேருக்கு எழுதப் போகிறீர்கள் என்று இந்தப் பேச்சைத் தொடங்கினீர்களானால், அம்மா சொன்னது சரியாகிவிடும். சதாபிஷேகத்துக்கு உறவெல்லாம் கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளியும் போடாதீர்கள். சட்டம் கேட்கும் தெளிவு அப்பாவிடம் இன்றைக்கு இருக்கிறது.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு எல்லாம் நான்தான் செய்கிறேன். மலம் அள்ளிய கையால் விளக்கேற்றத் தயக்கமாக இருக்கிறது. இரண்டு மாதமாகப் பூஜையே இல்லை.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தீட்டு வேறு, அழுக்கு வேறு அம்மா. அழுக்குக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். கோவிந்தபுரம் உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே பாண்டுரங்கன் ஏன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான் என்று தெரிந்திருக்கும். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், வாசலில் வந்து நின்ற கடவுளிடம் ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டு, அதன்மேல் நில், வேலை முடிந்து வருகிறேன் என்றான். இன்றுவரை நிற்கிறான். உங்கள் விளக்கும் காத்திருக்கும்.

கேள்வி: அம்மா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார், கேட்டதையே கேட்பார். நேற்று கத்திவிட்டேன். அவர் பயந்து என் முகத்தைப் பார்த்ததை மறக்க முடியவில்லை. இந்தப் பாவத்துக்குப் பரிகாரம் உண்டா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: கண் தெரியாத தாய் தந்தையைக் காவடியில் சுமந்த சிரவணனைத்தான் பிள்ளைக்கு உதாரணமாகச் சொல்வோம். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் ஒரு கலக்கம். தண்ணீர் மொள்ளப் போனவன் அம்பு பட்டு விழுந்ததும் அந்த இருவருக்கும் வேறு ஆளே இல்லை. அவனோடு அவர்களும் போனார்கள். மொத்தப் பாரமும் ஒரே தோளில்.

அம்மாவிடம் இன்று கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள். நேற்றையது அவருக்கு நினைவில்லாவிட்டாலும் கேளுங்கள். பிறகு தம்பிக்கோ அக்காவுக்கோ போன் போடுங்கள். பணம் அனுப்புகிறேன் என்பார்கள், வாங்கிக்கொண்டு, நேரமும் கேளுங்கள்: மாதத்தில் இரண்டு இரவாவது வந்து அம்மாவோடு படுக்க வேண்டும் என்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணமும் பிசியோதெரபியும் செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். இரவில் தூங்காததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

தம்பி வந்து படுக்கிற முதல் ராத்திரி, நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அதுதான் பரிகாரம்.