மறுப்பவர் இல்லாத பேச்சு

தர்மபுரி மாவட்டத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி இன்று கைபேசியிலேயே ஆங்கிலம் பேசவும் கட்டுரை எழுதவும் படித்துவிடலாம். தனியார் செயலிகள் இருக்கின்றன. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் இருக்கிறது. 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கலை, அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சியும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி இடம் என்றிருந்த மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, மூன்றாவதாக ஆங்கிலத்துக்கு வருகிற பிள்ளைகளும் இங்கே உண்டு. ஆகவே இந்த வகுப்புகள் வேண்டுமா வேண்டாமா என்று பேசுவதில் பயனில்லை. எனக்கு எழும் கேள்வி அதற்கு முந்தியது; நம் தத்துவ மரபுகள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஒன்று. பேச்சு என்பது பேசுபவருக்குள் ஏற்கெனவே இருந்து வெளியே வரும் பொருளா, அல்லது எதிரில் ஒருவர் இருந்தால் மட்டுமே உண்டாவதா?

சைவ சித்தாந்தம் வாக்கை நான்காகப் பிரிக்கிறது: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. முதல் இரண்டும் நமக்கு எட்டாத நுட்பம். பைசந்தியில் எழுத்துகள் மயில் முட்டைக்குள் தோகையின் நிறங்கள் போலப் பிரியாமல் அடங்கிக் கிடக்கும் என்பார்கள். மத்திமையில் சொற்கள் வரிசைப்பட்டுவிடுகின்றன, ஆனால் பேசுபவருக்குள்ளே மட்டும் ஒலிக்கின்றன. வைகரியோ பிறர் செவிக்கும் கேட்பது. இணையவழிப் பயிற்சிகள் இந்த ஏணியின் கடைசிப் படியை மட்டும் பார்க்கின்றன. பிள்ளையின் உள்ளே எல்லாம் தயாராக இருக்கிறது, தொண்டையில்தான் அடைப்பு, உச்சரிப்பும் சொல்வளமும் கொடுத்தால் மடை திறந்துவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. அதனால் பயிற்சியும் அப்படியே அமைகிறது: காணொளியைப் பார், நான்கு விடைகளில் ஒன்றைத் தொடு, திரையில் வரும் வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய், பச்சை நிறத்தில் மதிப்பெண் வாங்கு. ஆனால் வைகரியின் இலக்கணத்திலேயே இன்னொருவரின் காது இருக்கிறது. அந்தக் காதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உரக்கச் சொன்ன மத்திமைதான்.

இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டாம். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்த மண்ணின் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதைப் புறநானூறு சொல்கிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் அவனைப் பழிக்கவில்லை. இங்கே வேல்கள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளப்பாகக் காவலில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்தில் பேசுகிறார். புகழ்ச்சியா, இகழ்ச்சியா, எச்சரிக்கையா? கேட்பவனே தன் கொட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய பேச்சு அது. அந்த மன்னனையும் அந்த வேல்களையும் பார்க்காமல் அதை வீட்டில் உட்கார்ந்து தயாரித்திருக்க முடியாது. தொண்டைமான் “போருக்கு வா” என்று சொல்லிவிடக்கூடியவன் என்பதால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே எடை இருந்தது.

கட்டுரைக்கும் இதுவே பொருந்தும் என்றால் சிலர் ஒப்பமாட்டார்கள். எழுத்து தனிமையில் நடப்பதுதானே என்பார்கள். நம் சாத்திர நூல்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 13-ம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பாகம். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது பரபக்கம்: உலகாயதர், பௌத்தர், சமணர் தொடங்கிப் பதினான்கு தரப்பாரின் கொள்கையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பிறகு மறுக்கிறது. எதிராளிக்கு முதல் பாதியைக் கொடுத்த பிறகே தன் வாய் திறந்த நூல் அது. இன்றைய பயிற்சிக் கட்டுரைக்கு முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று ஓர் அச்சு இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு அதில் ‘மறுபக்கம் பார்த்தால்’ என்று ஒரு வரி. அச்சில் வார்த்ததை இயந்திரம் திருத்துவது எளிது. அந்தத் திருத்தம் எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்காவின் எம்ஐடியில் எழுத்துப் பயிற்சி கற்பித்த லெஸ் பெரல்மன் 2014-ல் காட்டினார். பெரிய பெரிய சொற்களை அர்த்தமே இல்லாமல் கோத்துத் தரும் ஒரு நிரலை உருவாக்கி, அதன் உளறலைத் தானியங்கி மதிப்பீட்டுக்கு அனுப்பினார். நல்ல மதிப்பெண் வந்தது. தொழில்நுட்பம் பிறகு வளர்ந்திருக்கிறது, உண்மை. ஆனால் யாரையும் நம்ப வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத எழுத்து எதுவரை போகும் என்பதற்கு அது இன்றும் நல்ல உதாரணம்.

இதையே தர்மபுரியில் பொருத்திப் பார்ப்போம். ‘தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகள்’ என்று எங்கும் கிடைக்கும் தலைப்புக்குப் பதிலாக, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பற்றி எழுதச் சொல்லலாம். இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு வலியும் ஊருக்குத் தெரிந்தவை. காவிரி நீரைக் கொண்டுவந்து அதைத் தீர்க்கும் திட்டத்துக்கு 2008-ல் கர்நாடகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2013-ல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. பென்னாகரத்து மாணவி இதை எழுதும்போது அவளுடைய பரபக்கம் கற்பனையில் இல்லை, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. எல்லை சரிவர அளக்கப்படவில்லை, பங்கீட்டு வழக்கு நடக்கையில் புதுத் திட்டம் எப்படி என்று கர்நாடகத்தார் கேட்டதை அவர்களே ஒப்பும்படி எழுதிவிட்டு, பிறகு குடிநீரின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறலாம். வாதம் தடுமாறாது. அந்தத் தடுமாற்றத்தைத் திருத்திக் கொடுக்கச் செயலி போதும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். அவை, சபை என்று சொல்வது எளிது. அந்தச் சபைதானே ‘வாட்’டை ‘வாட்டு’ என்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறது? ஆங்கிலப் பிழை நம் ஊரில் வெறும் பிழை அல்ல. எந்த வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளிப் பிள்ளை என்று அம்பலப்படுத்தும் அடையாளம். திரை சிரிப்பதில்லை. அறுபது பேர் உள்ள வகுப்பில் பருவத்துக்கு ஒருமுறைகூட வாய் திறக்காதவள் அங்கே நூறு முறை தவறு செய்யலாம். இதை நான் முழுதாக ஏற்கிறேன். வள்ளுவர்கூட அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் வைத்து, கற்றும் அவைக்கு அஞ்சுகிறவரைக் கல்லாதவருக்கும் கீழே வைக்கிறார். கொஞ்சம் கொடுமையாகத்தான் படுகிறது. ஆனால் அவர் சொல்லும் அவை நல்லாரின் அவை. அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே, நல்லவர் அவையில் பேச வேண்டியதைப் புல்லர் அவையில் மறந்தும் பேசாதே என்கிறார். கடமை பேசுபவருக்கு மட்டும் இல்லை, கூடியிருப்பவருக்கும் உண்டு. சிரிக்கும் வகுப்பைத் திருத்தாமல் மாணவியைத் திரைக்கு அனுப்புவது, பழியை அவள் தலையில் போடுவதாகும்.

செயற்கை நுண்ணறிவு இப்போது எதிர்வாதமும் செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது, சில சமயம் நம் ஆட்களைவிடப் பொறுமையாக. ஆனால் அதற்கு இழக்க எதுவும் இல்லை. நம் வாதம் வென்றால் அதன் குடிநீர் குறையாது, தோற்றால் அதற்கு லாபமும் இல்லை. ஒத்திகைக்கு அது நல்ல துணை, அதற்கு மேல் இல்லை. வேலைக்கு எடுப்பவர் ஆங்கிலம்தானே கேட்கிறார், வாதம் யாருக்கு வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலை தேடிப் போகும் பிள்ளைகளிடம் அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. ஆயினும் நேர்காணலும் ஒரு மறுப்பைச் சந்திக்கும் இடம்தான். எதிர்க்கேள்விக்கு நின்று பதில் சொல்லும் பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் அடுத்த மொழிக்கும் வரும். இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-ல் மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1908-ல் சிறைக்குப் போனது தமிழில் பேசியதற்காக. ஆங்கிலத்தில் ஆண்ட அரசு அந்தத் தமிழைக் கேட்டுத்தான் அஞ்சியது.

ஆன்மிகத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரி. பேச்சைவிட மௌனம் உயர்ந்தது என்றல்லவா தட்சிணாமூர்த்தி காட்டினார்? காட்டினார், யாருக்கு? வேத ஆகமங்களைக் கற்று, விவாதித்து, ஐயம் தீராமல் வந்த சனகாதி முனிவர் நால்வருக்கு. பக்கத்துத் திருவண்ணாமலையில் ரமணர் பேசாதிருந்த காலத்தில்தான் ‘நான் யார்?’ பிறந்தது, சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார், அவர் எழுதிக் காட்டிக்கொண்டே இருந்தார். மௌனியின் நூலுக்கும் ஒரு கேள்வியாளர் தேவைப்பட்டார். பேசத் தெரிந்தவர் தேர்ந்துகொள்ளும் மௌனம் வேறு, பேச இடம் கிடைக்காதவர் மேல் விழும் மௌனம் வேறு. இரண்டாவதற்கு ஆன்மிகப் பெயர் சூட்டுவது நியாயம் இல்லை.

பவணந்தி முனிவர் இதையெல்லாம் கணக்காகவே போட்டுவிட்டார். நன்னூலின் பொதுப்பாயிரப்படி, ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதில். இணையவழி வகுப்பு எவ்வளவு சிறந்ததானாலும் முதல் காலுக்கு மேல் போக முடியாது. மீதி முக்காலுக்கு மாவட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. கொரோனாவுக்குப் பின் 2021-ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் ஊர்ப் பெண்கள் மாலை நேரத்தில் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். அப்படி ஒரு வகுப்பில் கல்லூரி மாணவி தான் திரையில் கற்ற வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால், “ஏன் அக்கா, ‘டிட்’ வந்தா ‘வென்ட்’ வராது?” என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். செயலி அவளுக்கு அதைச் சிவப்பில் தவறு என்று காட்டியிருக்கும். காரணம் சொல் என்று அவளை நிறுத்தியிருக்காது. கல்லூரிகள் ஆங்கிலப் பயிற்சிக்குத் தரும் மதிப்பெண்ணில் கால் பங்கை வகுப்புக்குள் நடக்கும் வாதத்துக்கும், பாதியை இப்படிச் சொல்லிக் கொடுப்பதற்கும் ஒதுக்கினால் பவணந்தியின் கணக்கு நேராகிவிடும்.