எண்ணிக்கைக்காகவா பிள்ளை?

"நம்ம இனம் குறைஞ்சுகிட்டே வருது. கல்யாணம் கட்டுற பிள்ளைங்க ஆளுக்கு நாலாவது பெத்துக்கணும்." கோவில் கூட்டங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கணக்கில் பிழையில்லை. 1957-இல் அன்றைய மலாயாவில் நாம் 11 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களில் 6.7 விழுக்காடு. சபா, சரவாக் பிறகு சேர்ந்ததைக் கழித்துப் பார்த்தாலும் சரிவு சரிவுதான். ஆனால் கணக்கு சரி என்பதால் அதிலிருந்து பிறக்கும் கட்டளையும் சரியாகிவிடுமா?

பாட்டி காலத்தில் கட்டளை நேர்மாறாக இருந்தது. 1966-இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் வந்தது. 'குறைவாகப் பெறுங்கள்' என்றது. 1984-இல் அதே வாரியத்துக்குப் பெயர் மாறியது. நாட்டின் மக்கள்தொகை 2100-க்குள் 7 கோடியாக வேண்டும் என்பது அரசின் கொள்கையானது. பதினெட்டே வருடத்தில் பெண்ணின் வயிற்றுக்கு இரண்டு உத்தரவு! நம் நாட்டில் யாரையும் பிடித்து இழுக்கவில்லை, அதுவரை நல்லது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 1976-77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. அதில் கட்டாயத்தின் பேரில் நடந்தவை ஏராளம்.

புக்கிட் ரோத்தான் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு ஏழு பிள்ளைகள். அம்மாவுக்கு நாங்கள் இருவர். இடையில் என்ன நடந்தது? பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. பெண்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியோடு நிற்காமல் இடைநிலைப் பள்ளிக்குப் போனார்கள், பிறகு தொழிற்சாலை வேலைக்கு. கல்யாணம் தள்ளிப்போனது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வாடகை வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றுக்கும் காசு. 1970-இல் ஒரு மலேசியப் பெண்ணுக்குச் சராசரி 4.9 பிள்ளைகள், 2022-இல் 1.6. இந்தியர்களுக்கு அதைவிடவும் குறைவு. இந்தச் சரிவுக்குப் பிரச்சாரத்தைவிடப் பெண்களின் படிப்பும் சம்பளமும்தான் பெரிய காரணம் என்பேன்.

"ஜனம் பெருகினால் சோறு ஏது?" என்று எதிர்ப்பக்கம் கேட்பவர்களும் உண்டு. 1798-இல் மால்தஸ் சொன்னது அதுதான்: மக்கள் பெருக்கல் கணக்கில் கூடுவார்கள், உணவு கூட்டல் கணக்கில். பொறியியல் மாணவனுக்கு இந்த வளைகோடு பிடிக்கும், அத்தனை சுத்தம். ஆனால் நம் வீட்டிலிருந்து மோட்டாரில் கொஞ்ச நேரம் வடக்கே போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான். பெர்னாம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து, சதுப்பாகக் கிடந்த மண்ணை வருடத்துக்கு இரண்டு போகம் விளையும் வயலாக்கியிருக்கிறார்கள். அவர் கணக்கில் இந்தக் கால்வாய் இல்லை.

அப்படியும் 2023-இல் என்ன ஆனது? ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1-இல் இறக்குமதி அரிசி டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200-க்கு ஏறியது. 10 கிலோ 26 ரிங்கிட் என்று விலை கட்டப்பட்ட உள்ளூர் அரிசிக்கு எல்லாரும் பாய, கடைத் தட்டு காலி. அந்த ரெண்டு மாசத்தில் வாய்கள் திடீரென்று பெருகிவிடவில்லை. தடை, விலை, பயம், இவைதான் தட்டைக் காலியாக்கின. அதற்காகப் பூமி எத்தனை பேரையும் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்கும் நிலத்துக்கும் எல்லை உண்டு. ஆனால் பசியைப் பார்த்தவுடன் ஏழை வீட்டுத் தொட்டிலைக் கைகாட்டுவது அநியாயம்.

'குறை' என்பவரும் 'கூட்டு' என்பவரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். ஒருவருக்குப் பிள்ளை வாய், மற்றவருக்குப் பிள்ளை ஓட்டு. இல்லறத்தை அறமாகச் சொன்ன மரபு நம்முடையது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் எத்தனை பிள்ளை என்று ஓரிடத்திலும் இல்லை. எப்படிப்பட்ட பிள்ளை என்பதே பேச்சு. ஆண்கள் மேடையில் நின்று எண்ணிக்கை சொல்ல, பத்து மாதம் சுமப்பவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதை எந்தத் தர்மத்தில் சேர்ப்பது?

நாலு பிள்ளை கேட்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. தோட்டத்தில்கூட ஆயாக் கொட்டகை இருந்தது. தாய் வெட்டுக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்தது. இன்று கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் காசே சம்பளத்தில் பெரும் பங்கு. நம் கோவில் மண்டபங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டித்தானே கிடக்கின்றன? அதில் ஒன்றைத் திறந்து, பயிற்சி பெற்ற இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால் மாதம் எவ்வளவு ஆகும்? இந்தக் கணக்கை நம் இளைஞர் கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.