பாறை தளர்ந்தாற் போதுமா?

பாறையை உடைப்பதற்கு மனிதன் கண்ட பழைய உபாயங்களுள் நெருப்பும் ஒன்று. சுரங்கத்தினுள்ளே விறகை அடுக்கி எரித்துக் கல்லைச் சூடேற்றினால் அது வெடித்துத் தளரும். பின்னர் இரும்புக் கருவிகளால் அதனைப் பெயர்த்தெடுத்தல் எளிது. எகிப்திய மன்னர்களின் பொற்சுரங்கங்களில் இம்முறை கையாளப்பட்டதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரசு கி.மு. முதலாம் நூற்றாண்டில் விவரித்துள்ளார். ஆங்கு வேலை செய்தோர் தண்டனைக் கைதிகளும் போரிற் சிறைப்பட்டோருமாவர். நோயாளியென்றோ முதியவனென்றோ இரக்கம் காட்டப்படவில்லை. மடியும்வரை வேலை வாங்கப்பட்டனர். பாறையைத் தளர்த்திய நெருப்பு அவர்களது விலங்கைத் தளர்த்தவில்லை.

இன்று அதே உபாயம் விறகும் புகையுமின்றி மீண்டும் வருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது ராடருக்காகப் பெருவளர்ச்சி பெற்று, பின்னர் சமையலறை அடுப்பிலும் புகுந்த நுண்ணலைச் சக்தியைப் பாறைமீது செலுத்தி அதனைத் தளர்த்த விஞ்ஞானிகள் முயல்கின்றனர். இதன் தத்துவம் எளிது. பாறை என்பது ஒரே பொருளாலானதன்று. பல கனிமங்கள் நெருங்கிப் பிணைந்தது. அவற்றுட் குவாட்சு நுண்ணலையை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. இரும்பு, செம்பு முதலியவற்றின் சல்பைட்டுக்களோ அதனை ஏற்று விரைவிற் சூடேறுகின்றன. சூடேறிய மணி விரிகிறது. அயலிலுள்ள மணி அந்த அளவுக்கு விரிவதில்லை. இரண்டின் எல்லையிலும் நுண்ணிய வெடிப்புக்கள் தோன்றுகின்றன. இவ்வாறு உள்ளே தளர்ந்த கல்லை வெட்டவும் அரைக்கவும் குறைந்த விசை போதும்.

வன்பாறையில் யந்திரத்தின் பற்கள் விரைவிற் தேய்ந்துவிடுகின்றன. அதனாலேயே அத்தகைய சுரங்கங்கள் பெரும்பாலானவற்றில் இன்றும் துளையிட்டு வெடிவைக்க நேரிடுகிறது. பாறையை முன்னரே தளர்த்திவிட்டால், வெடிமருந்தின்றி ரோபோ யந்திரங்களே அதனை வெட்டியெடுக்கலாம் என்பது இம்முயற்சியின் நோக்கம். நுண்ணலை முறை இன்னும் பெரும்பாலும் சோதனை நிலையிலேயே இருக்கிறது. ஆனால் ஆளில்லாச் சுரங்க யந்திரம் வெறுங் கனவன்று. மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களிற் சாரதியற்ற பாரவண்டிகள் ஓடுகின்றன; அவற்றைக் கண்காணிப்போர் ஏறக்குறைய 1,500 கிலோமீற்றருக்கு அப்பால், பேர்த் நகரில் அமர்ந்திருக்கின்றனர்.

இச்செய்தி கேட்டு நாம் மகிழ்வதா, அஞ்சுவதா? மனிதனைச் சாவின் வாயிலிருந்து மீட்கும் கருவி இது என்கின்றனர் ஒரு சாரார். அவனது சோற்றைப் பறிக்கும் கருவி என்கின்றனர் மறு சாரார். இரண்டிலும் உண்மையுண்டு. எனினும் கருவியை மாத்திரம் பார்த்து இவ்வழக்கைத் தீர்த்துவிட முடியாது. தென்னாபிரிக்கச் சுரங்கங்களின் வரலாறு இதற்குச் சான்று.

ஜொகனஸ்பேர்க்கைச் சூழ்ந்த பொன்வயல்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் காற்றழுத்தத் துளையியந்திரம் வந்தது. சுத்தியலும் உளியும் கொண்டு கையாற் துளைத்த வேலையை அது பன்மடங்கு விரைவாக்கியது. ஆனால் அப்பாறை குவாட்சு மிகுந்தது. யந்திரம் எழுப்பிய நுண்தூசி தொழிலாளரின் சுவாசப்பையிற் படிந்து சிலிக்கோசிசு என்னும் நோயைத் தந்தது. 1902 ஆம் ஆண்டிலேயே விசாரணைக் குழுவொன்றை நியமிக்கும் அளவுக்குச் சாவுகள் மலிந்தன. 1911 இல் நட்டஈட்டுச் சட்டமும் பிறந்தது. எனினும் ஒரே தூசியைச் சுவாசித்த வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் ஒரே அளவுகோல் வழங்கப்படவில்லை. நோயுற்ற ஆபிரிக்கத் தொழிலாளர் பலர் லெசோத்தோவிலும் மொசாம்பிக்கிலும் உள்ள தம் கிராமங்களுக்குத் திரும்பிச் சென்று, எவர் கணக்கிலும் ஏறாமல் இறந்தனர். பொற்கம்பனிகள் ஆறு, 500 கோடி ராண்ட் அளவில் நட்டஈடு வழங்க உடன்பட்டது 2018 இலேதான். அதனை நீதிமன்றம் ஏற்றது 2019 இல். 1965 மார்ச்சு மாதத்துக்கு முன்னரே உழைத்து ஓய்ந்துவிட்டோருக்கு அதில் இடமில்லை. நோயின் காரணம் தெரிந்ததற்கும் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டதற்கும் இடையில் ஒரு நூற்றாண்டு கழிந்தது. இத்தாமதத்துக்கு யந்திரத்தைக் குற்றஞ்சாட்ட முடியுமா?

சோற்றைப் பற்றிய வாதத்தையும் ஆராய்வோம். அந்நாட்டுப் பொற்சுரங்கங்களில் 1980களில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் வேலை செய்தனர். இன்று ஓர் இலட்சத்துக்குங் குறைவு. இவ்வீழ்ச்சிக்கு ரோபோ காரணமன்று. தங்கம் அருகியது, சுரங்கம் ஆழமாயிற்று, இலாபம் சுருங்கியது, கதவு அடைக்கப்பட்டது. ஆகவே புதிய யந்திரத்தைத் தடுத்துவிட்டால் வேலை நிலைக்கும் என்பது ஏமாற்று நம்பிக்கை. இலாபமே வேலையைத் தீர்மானிக்குமிடத்து, யந்திரம் வந்தாலும் வராவிடினும் தொழிலாளி பாதுகாப்பற்றவனே.

மேலும், உயிரை அரிக்கும் வேலையை உரிமையென்று போற்றுவது நமக்குத் தகுமா? பிளாற்றினச் சுரங்கங்களில் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரமேயுள்ள குடைவுகளிற் குந்தியிருந்து துளையிடுவோரை எண்ணிப் பாருங்கள். பசி நிர்ப்பந்திப்பதால் ஒருவன் அதற்கு இசைகிறான். அந்த இசைவைச் சுதந்திரமான தேர்வென்று கூறுவது முதலாளியின் தர்க்கம். 2012 ஆம் ஆண்டு மரிக்கானாவில் மாதம் 12,500 ராண்ட் கூலி கேட்டு முதலில் எழுந்தோர் இத்துளையிடுவோரே. ஆகஸ்ட் 16 ஆம் நாள் வேலைநிறுத்தக்காரர் 34 பேரைப் பொலிசார் சுட்டுக்கொன்றனர். அவர்கள் தம் ஆபத்தைக் காப்பாற்றித் தருமாறு கேட்கவில்லை. தம் உழைப்புக்கு மனிதன் வாழத்தக்க விலையைக் கேட்டனர். நாளை நுண்ணலையும் ரோபோவும் முதலில் நீக்கப்போவதும் அவர்களைப் போன்றோரின் வேலையையே.

எனவே நம் நிலைப்பாடு தெளிவாயிருத்தல் வேண்டும். மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் யந்திரத்துக்கென நீண்ட அதிகாரமொன்றை ஒதுக்கியது யந்திரத்தைச் சபிப்பதற்கன்று; அதனை யார், எதற்காக இயக்குகின்றனர் என்று ஆராய்வதற்கே. பாறையைத் தளர்த்தும் அறிவு மனிதகுலத்தின் சொத்து. அதனை வரவேற்கிறோம். ஆனால் ஆபத்து நீங்குவதால் உண்டாகும் ஆதாயம் முழுவதும் பங்குதாரர்களைச் சேர, ஆபத்தை நேற்றுவரை சுமந்தவன் வெறுங்கையுடன் வீடு திரும்புவானாயின், அதனை மீட்பு என்று கூற மாட்டோம். அவன் கைவிடப்பட்டான் என்றே கூறுவோம்.

யந்திரம் சுரங்கத்தில் இறங்குமுன் பழைய கணக்குத் தீர்க்கப்படல் வேண்டும். துளைத்தவர்களின் சுவாசப்பைகள் பரிசோதிக்கப்பட்டு, நோயுற்றோருக்கு அவர்கள் உயிரோடிருக்கும்போதே நட்டஈடு கிடைத்தல் வேண்டும். எஞ்சிய வேலை, கூலி குறையாமல், குறைந்த நேரமாகப் பலருக்கும் பகிரப்படல் வேண்டும். புதிய யந்திரத்தை இயக்கும் கல்வி முதலிற் பழைய தொழிலாளியின் பிள்ளைக்குச் சேர்தல் வேண்டும். இவற்றுள் எதையும் நுண்ணலை தானாகச் செய்யாது. தொழிலாளர் ஒன்றுபட்டுக் கேட்டாலன்றி முதலாளியும் செய்யான். விஞ்ஞானம் பாறையைத் தளர்த்தட்டும். மற்றது நம் வேலை.