குரலுக்கும் வயதாகட்டும்

ஆடி பிறந்தால் திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருபவரையும், ஆவடியில் முதல் ரயிலுக்கு ஓடுபவரையும் எதிர்கொள்வது எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல். 1939-இல் லூர்து மேரி என்ற பெயரோடு பிறந்தவர். கோரஸ் பாடகியாகத் தொடங்கி, 1961-இல் ‘பாசமலர்’ படத்தின் கல்யாணப் பாட்டால் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தவர். இன்று அவர் பாட்டு ஒலிக்காமல் இந்தப் பக்கம் கூழ் வார்ப்பதில்லை என்றே சொல்லலாம்.

ஒலிப்பதிவில் குரலுக்கு வயதாவதில்லை, மேடையில் ஆகிறது. எனக்கு மேடைதான் உயர்வாகப் படுகிறது. இளமையில் மூச்சின் பலத்தால் எட்டிய உச்சத்தை, மூத்த கலைஞர் பக்குவத்தால் எட்டுகிறார். எங்கே மூச்சு வாங்குவது, எந்த வரியைக் கூட்டத்திடமே விட்டுவிடுவது என்பதெல்லாம் பல நூறு கச்சேரிகள் கற்றுத்தந்த கணக்கு. அமெரிக்க புளூஸ் கலைஞர் பி.பி.கிங் எண்பதைக் கடந்த பிறகும் நாற்காலியில் அமர்ந்தபடியே கிடார் வாசித்தார். அவர் இழுத்து நிறுத்திய ஒற்றைச் சுரத்துக்காகவே அரங்கம் காத்திருந்தது.

சுருதி அரைக்கட்டை இறங்கியிருக்கலாம். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களின் தலையும்தான் நரைத்திருக்கிறது. அடுத்த ஆடியில் பக்கத்துக் கோயிலில் மூத்த பாடகர் யாராவது மேடையேறினால், அதே பாட்டு போனில் இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய், முன்வரிசையில் உட்காருங்கள்.